திட்டில் மூன்று நாள்

என் மகளை எடுத்து வர வேண்டும் என்று அண்ணி போன் செய்தபோது நான் தஞ்சாவூரில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணி என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. கல்யாணம், சாவு தவிர நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அதனால் போனில் அவர் பெயரைப் பார்த்ததுமே சொந்தத்தில் யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"சாமி ஞாயித்துக்கெழம பூசையில சொல்லிட்டாரும்மா. இந்த வருசம் தண்ணி வந்தா கல்லறத் தோட்டம் தாங்காதாம். எடுக்கறவங்க மேட்டூர் தெறக்கறதுக்குள்ள எடுத்துக்கங்கன்னாரு. தாசில்தார் ஆபீசுக்கு எழுதி அனுமதியும் வாங்கி வெச்சிருக்காரு."

"எப்ப போறீங்க?"

"நான் தனியா போயி என்ன பண்ண? நீ வந்தாத்தான்."

வரிசை நகர்ந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெண் என்னைத் தாண்டிப் போய் நின்றுகொண்டாள். 

எங்கள் ஊர் ஒரு திட்டு. அணைக்கரையைத் தாண்டிக் கிழக்கே வரும் கொள்ளிடம் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. நடுவில் கிடந்த வண்டல் மேட்டில் எழுபது வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சின்னக் கோயில், கோயிலுக்குக் கிழக்கே கல்லறைத் தோட்டம். எல்லோரும் கத்தோலிக்கர்கள், சாமி என்று நாங்கள் சொல்வது பாதிரியாரை. வாழையும் கரும்பும் போடுவோம். கோடையில் மணலில் நடந்து கரைக்குப் போகலாம், மற்ற நாளில் படகு. நான் அங்கே மருமகளாகப் போனபோதே வீட்டுக்கு வீடு பாஸ்போர்ட் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சிலர் சிங்கப்பூர், சிலர் வளைகுடா, படிக்காதவர்கள் திருப்பூர். பிறகு ஒரு வெள்ளத்தில் தண்ணீர் வீடுகளுக்குள் ஒன்பது நாள் நின்றது. அரசாங்கம் கரையில் மனை கொடுத்தது. மிச்சமிருந்தவர்களும் கதவு நிலைகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு கரையேறினார்கள். அண்ணி இப்போது இருப்பது அந்தக் கரைக் காலனியில்தான். இளம் வயதிலேயே கணவரை இழந்து, பிள்ளை இல்லாமல் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர் அவர்.

என் கணவர் திருப்பூரில் எங்கள் மகனுடன் இருக்கிறார். பெண் போன பிறகு பிறந்தவன் இவன். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் ஒரு தடவ மண்ணு போட்டுட்டேன். திரும்ப அத எடுக்க என்னால ஆகாது. நீயும் அக்காவும் போயிட்டு வாங்க" என்றார்.

மே மாதக் கடைசியில் போனோம். அண்ணிக்கு அறுபத்தைந்து வயது, இரண்டு முழங்காலிலும் வலி. சுடுமணலில் நடந்து திட்டுக்குப் போகவே ஒன்றரை மணி நேரம் ஆனது. தினமும் போய்த் திரும்ப அவரால் முடியாது. குழி வெட்டுபவரோ விடியற்காலையிலிருந்து வெயில் ஏறும்வரைதான் வெட்டுவார். அதனால் அங்கேயே தங்குவது என்று நெல் காயப்போடும் தார்ப்பாய் ஒன்று, இரண்டு பாய், அரிசி, புளிக்காய்ச்சல், கருவாடு, ஒரு தூக்குச்சட்டி என்று கட்டி எடுத்துக்கொண்டிருந்தோம். ஆசாரி செய்து கொடுத்த பலகைப் பெட்டியும் இருந்தது. முழ நீளம்தான். அதை நான் தலையில் வைத்துக்கொண்டேன்.

திட்டில் சீமைக்கருவேலம் தெருவையே மூடியிருந்தது. எங்கள் வீடு இருந்த இடம் எது என்று அண்ணிதான் சொன்னார். அடுப்பங்கரைச் சுவரில் கொஞ்சம் நின்றது, அவ்வளவுதான். கோயிலுக்குக் கூரை இல்லை. ஓடுகளையும் பீடத்தையும் கரைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கிழக்குச் சுவர் மட்டும் முழுதாக நின்றது. அந்தச் சுவரில் பழைய ஆணிகளில் தார்ப்பாயின் ஒரு பக்கத்தைக் கட்டி, மறு பக்கத்துக்கு இரண்டு மூங்கில் நட்டோம். மூன்று செங்கல்லை வைத்தால் அடுப்பு. ஆற்று மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் வந்தது. கலங்கல் தெளியும்வரை காத்திருந்து அண்ணி தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றினார்.

அங்கிருந்து பத்தடியில் கல்லறைத் தோட்டம். அதன் கிழக்கு ஓரத்தில் கரை செங்குத்தாக அறுபட்டு ஆற்றுக்குள் இறங்கியது. அறுபட்ட மண்ணில் ஓரிடத்தில் பலகை முனை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணி என் கையைப் பிடித்து இழுத்து, "அங்க பாக்காத" என்றார்.

கல் நட்டிருந்த கல்லறைகள் தெரிந்தன. என் மாமனார் மாமியாருக்கும் சிமெண்டுச் சிலுவை இருந்தது. மற்றபடி வெறும் மேடு பள்ளம்தான். என் மகளுக்கு நட்டது வேலம் கட்டையில் செய்த சிலுவை. அது வெள்ளத்தில் போய்விட்டது.

"கோயில் சொவத்துலேருந்து இருபத்திரண்டு எட்டு. பக்கத்துல புங்க மரம்" என்றார் அண்ணி. புங்க மரமும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் வெட்டு தொடங்கியது. முதல் நாள் குழி வெட்டுபவர் அண்ணி சொன்ன இடத்தில் வெட்டினார். கரையூர்க்காரர், அதிகம் பேசாதவர். அந்த மாதம் ஒன்பது குடும்பங்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார், நாங்கள்தான் கடைசி. இடுப்பளவுக்குப் போன பிறகும் மணல்தான் வந்தது. "இங்க யாரையும் பொதைக்கலம்மா. மண்ணு அசையவே இல்ல, பாருங்க, வரி வரியா இருக்கு" என்று குழிச்சுவரைத் தடவிக் காட்டிவிட்டு மேலே ஏறினார். வெயில் வந்துவிட்டது. நாளைக்கு வருகிறேன் என்று மணலில் இறங்கி நடந்தார்.

அன்று முழுவதும் நாங்கள் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருந்தோம். எங்கோ மயில் அகவியது. பேசுவதற்கு இருந்ததெல்லாம் இருபது வருஷமாகப் பேசாமல் விட்ட விஷயம் ஒன்றுதான்.

வாழை மொத்தத்தையும் ஆறு கொண்டுபோன வருஷம் நான் மஸ்கட் போனேன். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. சூடாக வரும் படுக்கை விரிப்புகளை எதிரெதிரே இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். மகளுக்கு அப்போது ஐந்து வயது. அத்தையிடம் இருப்பாள் என்ற தைரியத்தில்தான் போனேன். மறு வருஷம் ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சலாக இருக்கும் என்று பிறகு சொன்னார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டாள். திட்டில் போன் கிடையாது. ஆற்றில் தண்ணீர் வடிந்து, என் கணவர் கரைக்கு வந்து எஸ்டிடி பூத்திலிருந்து பேசியபோது பதினோரு நாள் ஆகியிருந்தது. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. இனிப் போய் எதைப் பார்க்கப்போகிறாய் என்று கேட்டார்கள்.  மறுநாள் வேலைக்குப் போனேன். எதிரே நின்று விரிப்பு மடித்தவள் மலையாளத்துப் பெண். அவளிடம்கூட மூன்று நாள் சொல்லவில்லை.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து அந்த மேட்டுக்கு முன்னால் நின்றபோது அண்ணியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "மொத நாளே ஏன் கரைக்குத் தூக்கிட்டுப் போகல?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். பிறகு மறுபடி மஸ்கட், மகன் பிறப்பதற்காக ஒரு முறை ஊர், மறுபடி மஸ்கட் என்று என் காலம் போனது. மகனை நான் என் அம்மா வீட்டில்தான் விட்டேன். அதற்குக் காரணம் கேட்க அண்ணிக்கு அவசியம் இருக்கவில்லை.

இரண்டாம் நாள் குழி வெட்டுபவர் நான்கு எட்டுத் தெற்கே தள்ளி வெட்டினார். எலும்பு வந்தது. ஆனால் பெரியவர் ஒருவருடையது. நீளமான தொடை எலும்பைப் பார்த்ததுமே அவர் மண்வெட்டியை வெளியே வைத்துவிட்டார். யார் என்று தெரியவில்லை. அண்ணி மண்டியிட்டு ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னார், நானும் சேர்ந்து சொன்னேன். அப்படியே மூடிவிட்டோம்.

"பொதைக்கும்போது கூட ஏதாச்சும் வெச்சீங்களாம்மா? செயின், பொம்ம, ஏதாச்சும்? அடையாளம் பாக்கத்தான் கேக்கறேன்" என்றார் குழி வெட்டுபவர்.

எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லையே. அண்ணிதான் சொன்னார். "வாட்டர் பாட்டில் வெச்சேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். மஸ்கட்டிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் நான் கொடுத்தனுப்பிய பாட்டில் அது. பச்சை நிறம், தோளில் மாட்டிக்கொள்ள வார், மேலே முயல் படம்.

"பள்ளிக்கூடத்துக்கும் அதான், வயக்காட்டுக்கும் அதான். படுக்கும்போதும் பக்கத்துல வேணும். போற வழியில தாகமெடுத்தா என்ன பண்ணுவான்னு, தண்ணி புடிச்சு வெச்சேன்" என்றார் அண்ணி. குழி வெட்டுபவர் தலையாட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அடுப்பில் உலை வைத்துவிட்டு, சுள்ளியை உள்ளே தள்ளியபடியே அண்ணி பேச ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நீ அன்னிக்குக் கேட்டியே. மொத ரெண்டு நாளும் படகு போச்சும்மா. தம்பி தூக்கிட்டுப் போலாம்னுதான் சொன்னான். நான்தான் வேணாம்னேன்."

"ஏன் அண்ணி?"

"மழ ஊத்திக்கிட்டு இருந்துச்சு. தொறந்த படகு. நனைஞ்சா காய்ச்சல் கூடிப்போயிடும், மழ விடட்டும், நாளைக்குப் போலாம்னேன். கடையில மாத்திர வாங்கிக் குடுத்தேன், கஷாயம் வெச்சேன். மூணாம் நாள் படகு நின்னுபோச்சு. அப்பறம் இந்தக் கரையில நின்னு கத்துனேன், அந்தக் கரையில நிக்கிறவங்க தெரியறாங்க, யாருக்கும் காதுல விழல."

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் மூடியை நகர்த்தினார்.

"தம்பி இதுவரைக்கும் ஒரு வார்த்த என்னச் சொன்னதில்ல. உன்கிட்டயும் சொல்லலன்னு நீ கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு."

உண்மைதான். என் கணவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் அவரிடம் கேட்டதில்லை. இருபது வருஷமாக நான் நினைத்திருந்தது, அண்ணி அலட்சியமாக இருந்துவிட்டார் என்று. அலட்சியம் இல்லை என்று இப்போது தெரிந்தது. அதனால் மனசு லேசாகிவிடும் என்று நினைப்பீர்கள். ஆகவில்லை. கோபப்பட ஓர் ஆள் இருந்தது போய், மழை மட்டும் மிச்சமானது. அன்று இருவரும் ஒரே தட்டத்துக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம். தட்டம் ஒன்றுதான் கொண்டு வந்திருந்தோம்.

மூன்றாம் நாள் குழி வெட்டுபவர் நாங்கள் சொன்ன இடத்தை விட்டுவிட்டார். ஒரு கம்பியை மண்ணில் குத்திக் குத்திப் பார்த்து, கரை அறுபட்ட பக்கமாக எட்டு அடி தள்ளி நின்றார். "மண்ணு இங்க பொதபொதன்னு இருக்கு. சின்னக் குழிதான்." மண்வெட்டியை வைத்துவிட்டுக் கரண்டியாலும் கையாலும் எடுக்க ஆரம்பித்தார். முதலில் வந்தது பச்சை நிறத்தில் ஒரு மூடி. பிறகு நசுங்கிப்போன பாட்டில். உள்ளே மண் இறுகியிருந்தது. முயல் அழிந்துவிட்டிருந்தது, காது மட்டும் தெரிந்தது.

அண்ணி உட்கார்ந்துவிட்டார். நான் குழிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தேன்.

நான் எதிர்பார்த்த பயம் வரவில்லை. பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன எலும்புகள், சில தொட்டதும் உடைந்தன. குழி வெட்டுபவர் ஒவ்வொன்றையும் மண்ணை ஊதிவிட்டு மேலே கொடுக்கத் தயாரானார். "பெத்தவங்க யாரும்மா? அவங்க கையிலதான் மொதல்ல வாங்கணும்."

அண்ணி என்னைக் காட்டினார். நான் புது வெள்ளைத் துண்டை இரண்டு கையிலும் விரித்துக்கொண்டேன்.

தாடை எலும்பைக் கடைசியாகக் கொடுத்தார். அதில் பற்கள் இருந்தன. மகள் போவதற்கு இரண்டு மாதம் முன்பு என் கணவர் எழுதிய கடிதத்தில், பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, கூரைமேல் போட்டோம், புதுப் பல் எப்போது வரும் என்று தினமும் கண்ணாடி பார்க்கிறாள் என்று இருந்தது. அந்த இடத்தில் புதுப் பல் பாதி முளைத்திருந்தது. விளிம்பு ரம்பம் போல இருந்தது, எந்தத் தேய்மானமும் இல்லாமல். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. சத்தமாக அழுதேன். அங்கே கேட்பதற்கு யாரும் இல்லை.

குழி வெட்டுபவர் கொஞ்ச தூரம் போய் மறுபக்கம் பார்த்து நின்றுகொண்டார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, "பெரியவங்களையும் எடுத்துடலாமா? இன்னும் ரெண்டு நாள் வெட்டினா ஆயிடும்" என்று மாமனார் மாமியார் கல்லறையைக் காட்டிக் கேட்டார். அண்ணி எழுந்து போய் அந்தச் சிமெண்டுச் சிலுவைகளைத் தொட்டார். "இவங்க இந்த மண்ணுலயே பொறந்து வாழ்ந்தவங்க. இருக்கட்டும்" என்றார். அவருடைய அப்பா அம்மா.  உண்மையில் எங்கள் இருவருக்குமே இன்னொரு குழியைப் பார்க்கத் தெம்பு இல்லை.

மூட்டையை மட்டும் குழி வெட்டுபவர் எடுத்துக்கொண்டார். பெட்டியை நானும் அண்ணியும் மாற்றி மாற்றித் தூக்கினோம். பாரமே இல்லை. பாதி ஆற்றில் அண்ணியின் முழங்கால் பிடித்துக்கொண்டது. மணலில் குடையை நட்டு அதன் நிழலில் உட்கார்ந்தோம். பெட்டி அவர் மடியில் இருந்தது. அந்த வெயிலில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணி, அவ உங்கள எப்படிக் கூப்பிட்டா?"

அவர் பெட்டியைக் குடை நிழலுக்குள் நகர்த்திக்கொண்டார்.

"நாலு மாசம் அத்தன்னுதான் கூப்பிட்டா. அப்பறம் பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைங்களும் அம்மா, அம்மான்னு ஓடுதுல்ல, சாயங்காலம் விடும்போது. ஒருநா இவளும் அம்மான்னு ஓடி வந்தா. நான் சொன்னேம்மா, அம்மா மஸ்கட்ல இருக்கு, நான் அத்தன்னு. அடுத்த நாளும் சொன்னேன்." கொஞ்ச நேரம் பெட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்பறம் சொல்றத விட்டுட்டேன்."

"கடைசியில கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா. யாரன்னு எனக்குத் தெரியல."

பொய் சொல்லியிருக்கலாம். உன்னைத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவர் சொல்லாததற்காக அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன், அதற்காகவே அவர் மேல் மரியாதையும் வந்தது. பெட்டியை அவர் மடியிலிருந்து வாங்காமல் விட்டுவிட்டேன். மிச்ச தூரம் அவரே தூக்கி வந்தார், நொண்டிக்கொண்டே.

கரைக்கோயில் கல்லறைத் தோட்டத்தில் அன்று மாலையே அடக்கம் செய்தோம். சாமி மந்திரித்துத் தூபம் காட்டினார். முதல் அடக்கத்தின்போது வெள்ளத்தால் சாமி வரமுடியாமல், கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார்தான் மழையில் நின்று செபம் சொன்னாராம். இந்த முறை பூசைக்கு வந்திருந்த, எங்களை யாரென்றே தெரியாத நான்கைந்து பெண்கள்கூட ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள்.

காலனி வீட்டு வாசலிலிருந்து கணவருக்குப் போன் செய்தேன். கிடைத்துவிட்டது, அடக்கமும் ஆகிவிட்டது என்றேன். பாட்டிலைப் பற்றியோ பல்லைப் பற்றியோ சொல்லவில்லை. அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மண்ணு ஈரமா இருந்துச்சா?"

"இல்லீங்க. காஞ்ச மணலு."

"நல்லாப் பாத்தியா?"

"கையால தொட்டேங்க. காஞ்சுதான் இருந்துச்சு."

பிறகு சொன்னார், "அன்னிக்குக் குழியில தண்ணி ஊறிக்கிட்டே இருந்துச்சு. நானும் எறைச்சு எறைச்சுப் பாத்தேன். நிக்கல. தண்ணியிலதான் வெச்சேன் புள்ளைய." நான் போனை அண்ணியிடம் கொடுக்கப் பார்த்தேன். அதற்குள் கணவர் வைத்துவிட்டார். திருப்பூரில் நடுநிசி ஷிப்டுக்குப் போய் வந்த காலத்திலும், பஞ்சாலை மூடி வீட்டில் கிடந்த காலத்திலும் அந்த மனிதர் இதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் மேட்டூர் நிரம்பி வழிந்தது. உபரித் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கியது. ஆடி முடியும்போது திட்டு முழுகிவிட்டது என்று குழி வெட்டுபவர் அண்ணிக்குச் சேதி சொன்னாராம். நான் பஸ் பிடித்துப் போனேன். கரைமேல் நின்று பார்த்தோம். கோயிலின் கிழக்குச் சுவர் இருந்த திசையில் செந்நிறத் தண்ணீர் சுழித்து ஓடியது. சீமைக்கருவேலத்தின் தலைகள் மட்டும் அங்கங்கே தெரிந்தன.

"அப்பாவையும் அம்மாவையும் எடுத்திருக்கலாம்" என்றார் அண்ணி.

"எடுத்திருக்கலாம் அண்ணி."

"குழி வெட்றவரு கேட்டாருல்ல."

"கேட்டாரு."

அண்ணி வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்சுக்குத் திரும்பினேன்.

இப்போது மாதம் ஒரு முறையாவது அண்ணி போன் செய்கிறார். பேசுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. முழங்கால் எப்படி என்று நான் கேட்பேன். தஞ்சாவூரில் மழை உண்டா என்று அவர் கேட்பார். அன்றைக்கே படகில் ஏற்றியிருந்தால் என்ற நினைப்பை நான் முழுதாக விட்டுவிடவில்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் போன் செய்கிறார். நானும் இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுகிறேன்.